பேன் திரும்பத் திரும்ப வருகிறதா? சீப்பையும் கலண்டரையும் எடுங்கள்

கேள்வி: டொக்டர், என்னுடைய மகளுக்கு ஒன்பது வயது. நான்காம் தரம் படிக்கிறா. இடுப்பு வரைக்கும் தலைமுடி. இரண்டு மாதமாகப் பேன். பாமசியில் வாங்கிய பேன் ஷம்புவை மூன்று தடவை போட்டாச்சு. போட்டு நாலைந்து நாள் நல்லாயிருக்கும், பிறகு திரும்பவும் சொறியத் தொடங்கிவிடுவா. வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் டீச்சர் சொல்லிவிட்டா என்று பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுகிறா. அம்மா மண்ணெண்ணெய் வைக்கச் சொல்கிறா. அவர் வயலுக்கு அடிக்கிற மருந்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து தடவினால் ஒரே நாளில் போய்விடும் என்கிறார். ஒன்றும் சரிவராவிட்டால் மொட்டை அடிப்பமா என்றும் யோசிக்கிறோம். வீட்டில் ஆறு மாதக் கர்ப்பிணியான தங்கச்சியும் இருக்கிறா, அவவுக்கும் இப்போது தலை கடிக்கிறதாம். வீட்டை நான் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?
ஒரு தாய், திருக்கோவில் பக்கம், அம்பாறை மாவட்டம்

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

மற்றதெல்லாம் பிறகு. வயல் மருந்தும் மண்ணெண்ணெயும் பிள்ளையின் தலைக்குப் போகவே கூடாது. இதை உங்கள் அம்மாவுக்கும் அவருக்கும் இன்றைக்கே வாசித்துக் காட்டுங்கள்.

பூச்சிக்கு அடிக்கும் மருந்துகளில் பல, தோலுக்குள்ளால் உடம்பில் சேரக்கூடியவை. சொறிந்து சொறிந்து கீறல் விழுந்த தலையில் அது இன்னும் இலகுவாக உள்ளே போகும். போத்தலில் இருப்பது ஏக்கர் கணக்கான வயலுக்கென்று செறிவாகச் செய்த மருந்து. அதில் ‘ஒரு சொட்டு’ எவ்வளவு என்று வீட்டில் யாராலும் அளக்க முடியாது. வாயால் எச்சில் வழிவது, வியர்வை, வாந்தி, கண்மணி சுருங்குவது, மூச்சுத் திணறல் என்று அது காட்டும் அறிகுறிகள் உயிருக்கே ஆபத்தானவை. பேனுக்கான சில மருந்துகளிலும் மலத்தியன் என்ற பூச்சிமருந்து இருக்கிறதே என்று யாராவது சொல்லலாம். இருக்கிறதுதான். ஆனால் அது 0.5% அளவில், தோலில் படுவதற்கென்றே தயாரித்தது. வயலுக்கானதில் கலந்திருக்கும் கரைப்பான்களும் வேறு, அளவும் வேறு. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தைத் தலையில் பூசும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. அதுவும் வேண்டாம்.

மண்ணெண்ணெய் உச்சந்தலைத் தோலை எரித்துப் புண்ணாக்கும். தலையில் அதோடு இருக்கும் பிள்ளை அடுப்படிக்கோ குப்பிவிளக்குப் பக்கமோ போனால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. தவறி ஒரு வாய் விழுங்கினால் அது சுவாசப்பைக்குள் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே 1990 இலவச அம்புலன்சைக் கூப்பிடுங்கள். வயல் மருந்து ஏற்கெனவே பூசியாயிற்று என்றால் உடுப்பைக் கழற்றி, தலையையும் உடம்பையும் சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவி, மருந்துப் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நீங்கள் எழுதாத இன்னும் இரண்டையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவை நம் பக்கத்தில் ‘இயற்கை மருந்து’ என்று நடமாடுகின்றன. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துப் பூசுவது ஒன்று. கற்பூரம் தோலாலும் உடம்பில் சேரும், சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரவைக்கும். மற்றது அன்னமுன்னா விதையை அரைத்துப் பூசுவது. அது பேனைக் கொல்லும், உண்மைதான். ஆனால் தலை கழுவும்போது அந்தத் தண்ணீர் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். பேன் இல்லாத தலைக்காகக் கண்ணைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருவோம். மூன்று தடவை ஷம்பு போட்டும் ஏன் போகவில்லை?

பேனுடைய நாட்கணக்கைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். ஒரு பெண் பேன் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு முட்டை வரை இடும். அதைத்தான் ஈர் என்கிறோம். ஒவ்வொன்றையும் உச்சந்தலைக்கு மிகக் கிட்ட, பெரும்பாலும் அரை சென்டிமீற்றர் தூரத்துக்குள், முடியில் பசைபோட்டு ஒட்டிவிடும். தலையின் சூட்டில் அது 7 முதல் 10 நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சு வளர்ந்து, தானும் முட்டை இடும் நிலைக்கு வர இன்னும் 9 முதல் 12 நாள். பிறகு தலையிலேயே ஏறக்குறைய ஒரு மாதம் வாழும்.

கடையில் வாங்கும் மருந்துகளில் பல, ஓடித்திரியும் பேனைக் கொல்லும், ஈரை முழுவதும் கொல்லாது. நீங்கள் போட்ட அன்று பேன் செத்தது. நாலைந்து நாளில் மிஞ்சிய ஈர் ஒன்றொன்றாகப் பொரித்தது. அதைக் கண்டு மனம் சலித்து, அடுத்த தடவையைக் கண்ட கண்ட நாளில் போட்டிருப்பீர்கள். அல்லது மகளுக்கு மட்டும் போட்டுவிட்டு, அவவோடு ஒரே பாயில் படுக்கிற மற்றவர்களின் தலையைப் பார்க்காமல் விட்டிருப்பீர்கள். இந்த இரண்டும்தான் பெரும்பாலான வீடுகளில் பேன் போகாததற்குக் காரணம். மருந்தைக் கூட்டுவதால் இது சரியாகாது, நாளைச் சரியாகப் பிடித்தால்தான் சரியாகும். வயலில் களையைப் பூத்து விதை கொட்டுவதற்கு முன்னே பிடுங்குவது எதற்கென்று உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியும். இங்கேயும் அதே கணக்குத்தான்: குஞ்சு வளர்ந்து புது ஈர் போட முந்தி எடுத்துவிட வேண்டும்.

அதனால் ஒரு சனிக்கிழமையைத் தொடக்க நாளாக வையுங்கள். அன்று முதல் நாள். அடுத்தது ஐந்தாம் நாள், அதாவது புதன். பிறகு ஒன்பதாம் நாள் ஞாயிறு. அதற்குப் பிறகு பதின்மூன்றாம் நாள் வியாழன். இந்த நாலு நாளும் ஈரத்தலையில் பேன் சீப்பால் முழுத் தலையையும் வாரி எடுக்க வேண்டும். பதினேழாம் நாளான திங்கட்கிழமை இன்னொரு தடவை வாரிப் பார்க்க வேண்டும், அன்று ஒரு பேனும் வரக்கூடாது. சுவரில் தொங்குகிற கலண்டரில் இப்போதே வட்டம் போடுங்கள். முதல் நாள் இருந்த ஈர் எல்லாம் பதினோராம் நாளுக்குள் பொரித்துவிடும். நாலு நாளுக்கொரு தடவை வாருவதால் எந்தக் குஞ்சும் முட்டை இடும் வயதை எட்டாது. கடைசி ஈரில் பொரித்ததும் பதின்மூன்றாம் நாள் சீப்பில் வந்துவிடும். ஒரு நாள் தவறினாலும் இந்தக் கணக்குக் குழம்பும், ஆகவே கலியாணவீடு, திருவிழா என்று எது வந்தாலும் அந்த நாளை விடாதீர்கள்.

வாரும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரியம் முழுக்க இதில்தான் தங்கியிருக்கிறது. காய்ந்த தலையில் பேன் வேகமாக ஓடும், ஒளிக்கும். நனைந்து வழுவழுப்பாக இருக்கும்போது அசையாமல் இருக்கும், சீப்பும் சிக்காது. முதலில் வழக்கமான ஷம்புவால் தலையைக் கழுவுங்கள். தண்ணீரை முற்றாகத் துடைக்காமல், முடி முழுதும் படும்படி நிறையக் கண்டிஷனர் போடுங்கள். அது வாங்கக் கட்டுப்படியாகாவிட்டால் தேங்காய் எண்ணெயும் இந்த வேலைக்குச் சரிவரும், கழுவி எடுப்பதுதான் கொஞ்சம் சிரமம். பெரிய பல் சீப்பால் சிக்கெடுத்த பிறகு, பேன் சீப்பை எடுங்கள். இரும்புப் பல் உள்ளது கிடைத்தால் நல்லது. பிளாஸ்டிக் பல் வளைந்து கொடுத்தால் பேன் இடையால் நழுவிவிடும். வாங்கும்போது பல்லுக்குப் பல் எவ்வளவு நெருக்கம் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

இடுப்பு வரை முடி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தலையை நாலாக வகிர்ந்து, மூன்றைக் கட்டிவிட்டு ஒன்றை மட்டும் எடுங்கள். அதிலும் விரல் அகல முடியைப் பிடித்து, சீப்பின் பல் உச்சந்தலையில் படும்படி வைத்து, அடியிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பில் வாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். வெள்ளையில் எள்ளின் அளவில் இருக்கும் பேனும் தெரியும், அதைவிடச் சின்னக் குஞ்சும் தெரியும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நேரம் எடுத்து வாருங்கள், அந்த இடங்களில்தான் கூட இருக்கும். முழுத் தலையும் முடிந்தபின் கண்டிஷனரைக் கழுவிவிட்டு, ஈரம் இருக்கும்போதே இன்னொரு முறை வாருங்கள். இவ்வளவு நீளமான முடிக்கு ஒரு மணித்தியாலம் போகும். விறாந்தையில் நல்ல வெளிச்சத்தில் பிள்ளையை இருத்தி, பிடித்த ஏதாவது பார்க்கக் கொடுத்து, ஏசாமல் செய்யுங்கள். அம்மாவுக்கு மண்ணெண்ணெய் வேண்டாமென்று சொன்னது மனக்கஷ்டமாக இருந்தால், இந்த வேலையை அவவிடம் கொடுங்கள். பேன் பார்ப்பதில் அந்தத் தலைமுறையின் கைக்கு இருக்கும் பொறுமை நமக்கு வராது. கண் தெளிவாகத் தெரியாவிட்டால் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

சீப்பை மட்டும் வைத்தே இதை முடிக்கலாம். மருந்தும் வேண்டும் என்றால் பேர்மெத்ரின் 1% உள்ள பேன் லோஷன் கேளுங்கள். சிரங்குக்குக் கொடுக்கும் 5% கிரீம் வேறு, இரண்டையும் குழப்பிவிடாதீர்கள். முதல் நாள் ஒரு தடவை, ஒன்பதாம் நாள் ஒரு தடவை. அவ்வளவுதான், இடையில் போடக் கூடாது. எண்ணெயோ கண்டிஷனரோ உள்ள தலையில் இது நன்றாக வேலை செய்யாது, அதனால் மருந்து போடும் இரண்டு நாளும் ஷம்பு மட்டும் போட்டுக் கழுவி, துவாயால் ஒற்றி, அரை ஈரமாக இருக்கும்போது உச்சந்தலை முழுக்கப் பூசி, பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். அலசிய தலையைக் கண்டிஷனர் போடாமலே வாருங்கள். அதன் பிறகு ஒன்றிரண்டு நாள் தலைக்கு ஷம்பு போட வேண்டாம். ஷம்பு வடிவில் வரும் பேன் மருந்து தலையில் இருக்கும் நேரம் குறைவு, தண்ணீரும் கலந்து நீர்த்துப்போகும். உங்களுக்கு மூன்று தடவையும் ஏமாற்றமானதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. பேர்மெத்ரினுக்குப் பழகிவிட்ட பேன் உலகத்தின் பல இடங்களில் இருக்கிறது. சரியாகப் பூசி 8 முதல் 12 மணித்தியாலம் ஆனபிறகும் பேன் முன்போலவே சுறுசுறுப்பாக ஓடித்திரிந்தால், அதே மருந்தைத் திரும்பப் போடுவதில் பயனில்லை. டைமெதிகோன் 4% லோஷன் கிடைத்தால் அதைப் பாவிக்கலாம். அது நஞ்சாக வேலை செய்வதில்லை, பேனைச் சுற்றிப் படலமாக மூடி அழிக்கிறது, அதனால் பழகிப்போகும் பிரச்சினையும் குறைவு. இரவில் பூசி எட்டு மணித்தியாலம் விட்டுக் காலையில் கழுவி, ஏழு நாளில் திரும்பச் செய்ய வேண்டும். பூசிய தலையோடு நெருப்புப் பக்கம் போகக் கூடாது, அது தீப்பிடிக்கக்கூடியது.

வேப்பெண்ணெய், வினாகிரி, துளசிச்சாறு பற்றியெல்லாம் கேட்பார்கள். தேங்காய் எண்ணெய் பேனை மந்தமாக்கும், வாருவதற்கு உதவும். ஆனால் பேன் மூச்சுத்துளையை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், எண்ணெய் மட்டும் வைத்தால் கழுவியதும் எழும்பிவிடும். வினாகிரி ஈரின் பசையைக் கரைக்கும் என்பதை நம்பி இருக்காதீர்கள். அந்தப் பசையும் நம் முடியைப் போலவே புரதத்தால் ஆனது, அதைக் கரைக்கிற ஒன்று முடியையும் விட்டுவைக்காது. அதேபோல கடலில் குளித்தாலோ வாவியில் முங்கினாலோ பேன் போகாது. தண்ணீருக்குள் முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருக்கும்.

இப்போது வீட்டிலுள்ள மற்றவர்கள். முதல் நாள் சனிக்கிழமையே வீட்டில் இருக்கும் அத்தனை பேரின் தலையையும் ஈரமாக்கி வாரிப் பாருங்கள், ஆண்களையும் சேர்த்து. உயிருள்ள பேன் ஒன்றாவது கண்டால் அவருக்கும் அதே நாளில் தொடங்க வேண்டும். பேன் இல்லாதவருக்கு மருந்து வேண்டாம். கர்ப்பிணியான தங்கச்சிக்கு நான் சொல்வது சீப்பும் கண்டிஷனரும் மட்டும்தான், அது போதும். மருந்து வேண்டுமென்று அவ நினைத்தால் கிளினிக்குக்குப் போகிற அன்று குடும்பநல மாதுவிடமோ வைத்தியரிடமோ கேட்டுவிட்டுப் போடட்டும். பேனுக்குக் குடிக்கிற குளிசை பற்றி யாராவது சொன்னால், ஐவர்மெக்டின் கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுப்பதில்லை, மற்றவர்களும் வைத்தியர் எழுதினால் மட்டுமே எடுக்க வேண்டும்.

வீட்டைத் தலைகீழாக்கிக் கழுவ வேண்டாம். தலையை விட்டு இறங்கிய பேன் இரத்தம் கிடைக்காமல் ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகும். முதல் நாள் அன்று தலையணை உறை, துவாய், படுக்கை விரிப்பு ஆகியவற்றைச் சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் காயப்போடுங்கள். சீப்புகளைக் கைபொறுக்காத சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அது போதும். மெத்தைக்கும் கதிரைக்கும் பூச்சி மருந்து அடிக்காதீர்கள், அதைச் சுவாசிக்கப் போவது உங்கள் பிள்ளையும் கர்ப்பிணித் தங்கச்சியும்தான்.

வீட்டைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன் என்று நீங்கள் எழுதியதைப் பார்க்கக் கவலையாக இருந்தது. யாரோ உங்களை அப்படிக் கேட்டிருக்கிறார்கள். பேனுக்கு இரத்தம்தான் தேவை, அழுக்கு அல்ல. தினம் முழுகும் தலையிலும் அது அதே சுகத்தோடு இருக்கும். அதற்குப் பறக்கவும் தெரியாது, பாயவும் தெரியாது. ஒரு தலை இன்னொரு தலையோடு ஒட்டும்போது முடியைப் பிடித்து ஏறும். ஒரே வாங்கில் தலையை ஒட்டி வைத்துப் படிக்கிற, ஒரு போனை நாலு பேர் சேர்ந்து பார்க்கிற வயதில் இது தொற்றாமல் இருந்தால்தான் அதிசயம். தலைப்பேனால் காய்ச்சலோ வேறு தொற்றுநோயோ பரவுவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு மகள் போகட்டும், ஒரு நாளும் மறிக்க வேண்டாம். நீங்கள் பேனைக் காண்பதற்கு முன்பே பல வாரம் அது தலையில் இருந்திருக்கும். முதல் தடவை தொற்றும்போது கடி தெரியவே நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். ஆகவே இன்றைக்கு வீட்டில் வைத்திருப்பதால் யாரையும் காப்பாற்ற முடியாது. போகும்போது முடியை இறுக்கி இரட்டைப் பின்னலாகப் பின்னி மடித்துக் கட்டிவிடுங்கள். டீச்சரை நேரில், தனியாகச் சந்தித்து இரண்டு விஷயம் கேளுங்கள். பெயர் சொல்லாமல் வகுப்பின் எல்லாப் பெற்றோருக்கும் ஒரே வார இறுதியில் தலை பார்க்கும்படி அறிவிக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்யாமல் உங்கள் மகளின் தலையை மட்டும் சுத்தமாக்கினால் அடுத்த தவணையில் இதே கடிதத்தை நீங்கள் எழுத வேண்டி வரும். மற்றது, முடியில் வெள்ளையாக ஈர் தெரிகிறது என்பதற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீற்றர் வளரும். உச்சந்தலையிலிருந்து இரண்டு சென்டிமீற்றர் தள்ளி ஒட்டியிருக்கும் ஈர் எப்போதோ பொரித்துப்போன வெறும் கோது. அது மாதக்கணக்கில் முடியிலேயே கிடக்கும், யாருக்கும் தொற்றாது. டீச்சர் ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள், பாடசாலைச் சுகாதாரம் அவர் பார்க்கும் வேலைகளில் ஒன்று.

பிள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், இது அவ செய்த பிழை இல்லை என்று. எல்லோருக்கும் முன்னால் கேட்ட அந்தப் பேச்சு, தலைக்கடியை விட நோகும்.

மொட்டை கேட்டிருந்தீர்கள். கோயிலுக்கு நேர்த்தி என்றால் அது உங்கள் விருப்பம். பேனுக்காக என்றால் வேண்டாம், வேலை செய்யும்தான், ஆனால் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஏற்கெனவே வெட்கப்பட்டுப்போயிருக்கும் நேரத்தில் அதைச் செய்வது தண்டனையாகத்தான் அவவுக்குத் தெரியும். அவவே சம்மதித்தால் தோள்மட்டத்துக்கு வெட்டலாம், வாரும் நேரம் பாதியாகும்.

தலையில் சீழ்க்கொப்புளமோ மஞ்சள் பொருக்கோ கண்டால், பிடரியில் கட்டி கட்டியாக நெரி கட்டினால், காய்ச்சல் வந்தால் சொறிந்த இடத்தில் கிருமி தொற்றியிருக்கிறது. அப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்து அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். பதினேழாம் நாளும் ஓடும் பேன் சீப்பில் வந்தாலும் அங்கேயே காட்டலாம். போகும்போது எந்த மருந்தை எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று எழுதி, பாவித்த போத்தலையும் கொண்டுபோங்கள்.